73 வெற்றிகளின் சீசனை முதலிலிருந்து பார்ப்பது எப்படி?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 2015-16 சீசனைப் பற்றிக் கேட்டால், கூடைப்பந்தை ஓரளவு அறிந்த எவரும் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுவார்கள். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி 82 லீக் ஆட்டங்களில் 73-ஐ வென்று, இருபது ஆண்டுகளாகச் சிகாகோ புல்ஸ் வைத்திருந்த 72 வெற்றிகள் என்ற சாதனையை முறியடித்தது. அதே அணி இறுதித் தொடரில் 3-1 என முன்னிலை பெற்ற பிறகும் கிளீவ்லாந்து காவலியர்ஸிடம் கோப்பையைப் பறிகொடுத்தது. இவ்விரண்டுக்கும் பின்னால் ஏறத்தாழ எட்டு மாத ஆட்டங்கள் இருக்கின்றன. அவற்றைப் பாராதவருக்கு முதலாவது ஓர் அதிசயமாகவும் இரண்டாவது ஒரு விபத்தாகவும் மட்டுமே தோன்றும். இரண்டும் அப்படியல்ல என்பதை அந்தச் சீசனை முறையாகத் திரும்பப் பார்ப்பவர் தாமே கண்டுகொள்ளலாம். அதற்கு நான் பின்பற்றிப் பயன்கண்ட வழியை இங்கே எழுதுகிறேன்.

அந்த வழியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வெற்றிகளைத் தொடர்ந்து செல்லாதீர்கள். தோல்விகளைத் தொடர்ந்து செல்லுங்கள். வாரியர்ஸ் 82 லீக் ஆட்டங்களில் 9 முறை தோற்றது. லீக் சுற்றுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளில் ஆடிய 24 ஆட்டங்களிலும் சரியாக 9 முறை தோற்றது. இந்தப் பதினெட்டுத் தோல்விகளையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால், சீசனின் முழுக் கதையும் பிடிபட்டுவிடும். 73 வெற்றிகளையும் ஒன்றுவிடாமல் பார்க்க முனைபவர் பெரும்பாலும் டிசம்பர் மாதத்தைத் தாண்டுவதில்லை.

தயாரிப்பு

ஒரு 40 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி. அதில் தேதி, எதிரணி, சொந்தக் களமா வெளிக் களமா என்பது, முந்தைய ஆட்டத்துக்குப் பிறகு கிடைத்த ஓய்வு நாள்கள், ஆடாதவர்களின் பெயர்கள், இறுதிப் புள்ளிகள் ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். ஓய்வு நாள்களுக்கான கட்டத்தை யாரும் முதலில் பொருட்படுத்துவதில்லை. ஆனால் என்.பி.ஏ. சீசனைப் புரிந்துகொள்வதற்கு மிகவும் உதவுவது அந்தக் கட்டமே. ஐந்தரை மாதத்தில் 82 ஆட்டங்களை ஆடும் அணி, அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு நகரங்களில் ஆட வேண்டிய நிலை பலமுறை வரும். முதல் நாள் இரவு கூடுதல் நேரம் வரை இழுத்த ஆட்டத்தை முடித்துவிட்டு, விமானம் ஏறி மறுநாள் வேறு ஊரில் இறங்கும் கால்களின் சோர்வு இறுதிப் புள்ளிகளில் நேராகத் தெரியாது, நோட்டில் தெரியும்.

தேதிகளில் ஒரு குழப்பம் வரும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் இந்திய, இலங்கை நேரத்துக்கும் இடையே கோடைக் கணக்கில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலக் கணக்கில் பத்தரை மணி நேரமும் வித்தியாசம் உண்டு. ஆகவே அங்கே அக்டோபர் 27, 2015 செவ்வாய் இரவு தொடங்கிய சீசன், நமக்கு 28-ஆம் தேதி புதன் அதிகாலையில்தான் தொடங்கியது. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் அங்கே ஜூன் 19, 2016 ஞாயிறு இரவு. நமக்கோ திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம். நம் ஊர்ச் செய்தித்தாள்களையும் அமெரிக்கப் பதிவுகளையும் சேர்த்து வைத்துப் படிப்பவர் இந்த ஒரு நாள் வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நோட்டில் அமெரிக்கத் தேதியை மட்டுமே எழுதுவது என்று முடிவு செய்துகொண்டால் சிக்கல் தீர்ந்தது. இந்தக் கட்டுரையிலும் அந்தத் தேதிகளையே கொடுத்திருக்கிறேன்.

போட்டியின் அமைப்பை ஒரே பத்தியில் சொல்லிவிடலாம். மொத்தம் 30 அணிகள், கிழக்கில் 15, மேற்கில் 15; 1,230 லீக் ஆட்டங்கள்; ஏப்ரல் 13, 2016 அன்று லீக் சுற்று முடிவு. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் எட்டு அணிகள் பிளேஆஃபுக்குச் செல்லும். அங்கே ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர், நான்கு வெற்றி பெறும் அணி முன்னேறும். ஐந்து அணிகள் கொண்ட தன் பிரிவில் முதலிடம் பிடித்தாலே முதல் நான்கு இடங்களுக்குள் வைக்கும் பழைய சலுகை நீங்கி, வெற்றிக் கணக்கை மட்டும் கொண்டு எட்டு இடங்களையும் வரிசைப்படுத்தத் தொடங்கியது இந்தச் சீசனில்தான்.

ஆட்டப் பதிவுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. லீக்கின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பாக்ஸ் ஸ்கோர் எனப்படும் புள்ளிப் பட்டியலும், எந்த நொடியில் யார் என்ன செய்தார் என்று வரிவரியாகச் சொல்லும் ஆட்ட ஓட்டப் பதிவும் கிடைக்கின்றன. பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஓர் அணியின் 82 ஆட்டங்களையும் ஒரே பக்கத்தில் தேதி வரிசையில் காணலாம். நோட்டை நிரப்ப அதுவே வசதியானது. நெருக்கமாக முடிந்த ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிட நடுவர் தீர்ப்புகளை ஆராய்ந்து லீக் வெளியிடும் அறிக்கைகள் 2015 மார்ச்சில்தான் தொடங்கின. ஆகவே முழுச் சீசனுக்கும் அந்த அறிக்கைகள் உள்ள முதல் சீசன் இது என்பது நமக்குக் கூடுதல் வசதி.

முதல் ஒன்பது

வாரியர்ஸ் சீசனின் முதல் 24 ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்றது. வட அமெரிக்கப் பெரிய லீக்குகளில் இவ்வளவு நீண்ட தோல்வியற்ற தொடக்கம் வேறெந்த அணிக்கும் வாய்த்ததில்லை. அப்போது தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் பயிற்சியாளர் இருக்கையில் இல்லை. முதுகு அறுவைச் சிகிச்சையின் பின்விளைவுகளால் அவதிப்பட்டு ஒதுங்கியிருந்தார். இடைக்காலப் பொறுப்பேற்ற லூக் வால்டன், ஜனவரி 22 அன்று கெர் திரும்பும் வரை 39 வெற்றி, 4 தோல்வி என்று அணியை நடத்தினார். அந்த 72 வெற்றிச் சாதனையைப் படைத்த 1995-96 புல்ஸ் அணியில் ஆட்டக்காரராக இருந்தவர் இதே கெர் என்பதையும் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

24 வெற்றிகளில் ஒன்றிரண்டைப் பார்த்தால் போதும். முதல் நாள் நியூ ஆர்லியன்ஸ் பெலிக்கன்ஸுக்கு எதிராக ஸ்டெஃபன் கரி 40 புள்ளிகள் எடுத்த ஆட்டம் ஒன்று. டிசம்பர் 11 அன்று பாஸ்டனில் இரண்டு கூடுதல் நேரம் வரை சென்று 124-119 என முடிந்த ஆட்டம் மற்றொன்று. இரண்டாவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏனெனில் முதல் தோல்வியின் காரணம் அதில்தான் இருக்கிறது. மறுநாளே, டிசம்பர் 12 அன்று, மில்வாக்கியில் வாரியர்ஸ் 95-108 எனத் தோற்றது. மில்வாக்கி பக்ஸின் இளம் ஆட்டக்காரர் யானிஸ் அன்டெட்டோகும்போ அன்று 11 புள்ளி, 12 ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கும்படி பந்தைக் கொடுப்பது) எடுத்தார். பின்னாளில் அவர் எட்டிய உயரத்தை அறிந்தவருக்கு, அவர் முதல் முறையாக மூன்று கணக்குகளிலும் இரட்டை இலக்கம் தொட்ட அந்த இரவைக் காண்பது தனி மகிழ்ச்சி தரும்.

அடுத்தவற்றை நோட்டில் வரிசையாக எழுதிப் பாருங்கள். டிசம்பர் 30, டாலஸில் 91-114. காலில் பட்ட அடியால் கரி ஆடவில்லை. ஜனவரி 13, டென்வரில் 110-112. டிரேமண்ட் கிரீனுக்கு ஓய்வு. ஜனவரி 16, டெட்ராய்டில் 95-113. பிப்ரவரி 19, சிறந்த ஆட்டக்காரர்கள் தமக்குள் ஆடும் ஆல்-ஸ்டார் வார இறுதிக்கான விடுமுறை முடிந்த முதல் ஆட்டம், போர்ட்லாந்தில் 105-137. அந்த ஊர் அணியின் டேமியன் லில்லார்ட் 51 புள்ளிகள். மார்ச் 6, லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸிடம் 95-112. மார்ச் 19, சான் ஆன்டோனியோவில் 79-87. முதல் நாள் டாலஸில் ஆடிவிட்டு வந்த இரவு. ஏப்ரல் 1, பாஸ்டனிடம் 106-109. ஏப்ரல் 5, மினசோட்டாவிடம் கூடுதல் நேரத்தில் 117-124.

எழுதி முடித்ததும் மூன்று செய்திகள் தாமாகவே கண்ணில் படும். முதல் ஏழும் வெளிக் களத்தில் வந்தவை; சொந்தக் களத்தில் தோற்றவை கடைசி இரண்டு மட்டுமே. பாஸ்டனிடம் தோற்றபோது, முந்தைய சீசனிலிருந்து தொடர்ந்துவந்த 54 சொந்தக் கள வெற்றிகள் முடிவுக்கு வந்தன. இரண்டாவது, அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் அந்த அணி ஒருமுறைகூடத் தோற்கவில்லை. மூன்றாவது, எந்த அணியிடமும் இரண்டு முறை தோற்கவில்லை. பின்னால் பிளேஆஃப் பக்கத்தை நிரப்பும்போது இவற்றுள் பின்னிரண்டும் எப்படி உடைகின்றன என்பதைக் கவனிக்க வேண்டியிருப்பதால், இங்கேயே அடிக்கோடிட்டு வையுங்கள்.

சோர்வையும் ஆள் பற்றாக்குறையையும் கொண்டு எல்லாத் தோல்விகளையும் விளக்கிவிட முடியாது என்பதையும் நோட்டே சொல்லும். லேக்கர்ஸ் அன்று லீக்கின் மிகப் பலவீனமான அணிகளுள் ஒன்று. சீசனை 17 வெற்றி, 65 தோல்வி என்றுதான் முடித்தது. வாரியர்ஸுக்கோ இரண்டு நாள் ஓய்வு இருந்தது. ஆனால் அன்று மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து (அங்கிருந்து விழும் பந்துக்கு இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) எறிந்த 30 பந்துகளில் 4 மட்டுமே வளையத்துக்குள் சென்றன. கரி, கிளே தாம்ப்சன் இருவரும் சேர்ந்து 18 எறிந்து 1 போட்டனர். தொலைவிலிருந்து எறிந்து வெல்லும் அணிக்கு இப்படியொரு நாள் வரும். அப்படி வந்தால் அன்று எதிரே நிற்பது யார் என்பது பொருட்டில்லை. இந்த ஒரு வரியை மறக்காமல் ஜூன் மாதம் வரை கொண்டுசெல்லுங்கள்.

மினசோட்டா தோல்விக்குப் பிறகு கணக்கு 69-9. சாதனைக்கு எஞ்சியிருந்த நான்கையும் வெல்ல வேண்டும். அந்த நான்கையும் முழுமையாகப் பார்ப்பது சிறந்தது; முடியாவிட்டால் ஏப்ரல் 10 ஆட்டத்தையாவது பாருங்கள். அதற்கு முதல் நாள் மெம்ஃபிஸில் 100-99 என்று ஒரே ஒரு புள்ளியில் தப்பித்த அணி, அடுத்த இரவே சான் ஆன்டோனியோவில் இறங்கியது. அந்தச் சீசனில் ஸ்பர்ஸ் சொந்தக் களத்தில் அதுவரை யாரிடமும் தோற்கவில்லை. வாரியர்ஸுக்கோ அந்த ஊரில் 1997-க்குப் பிறகு ஒரு லீக் வெற்றிகூடக் கிடையாது. வாரியர்ஸ் 92-86 என வென்று 72-ஐத் தொட்டது. வெற்றிகளுள் எதை நோட்டில் சிவப்பு மையால் எழுதலாம் என்று என்னைக் கேட்டால், நான் இதையே சொல்வேன்.

எண்களைப் படித்தல்

ஏப்ரல் 13 இரவு எண்களைப் படிக்கக் கற்பதற்கு மிகப் பொருத்தமானது. சொந்தக் களமான ஓக்லாந்தில் வாரியர்ஸ் மெம்ஃபிஸை 125-104 என வென்று 73-ஐ எட்டியது. கரி 46 புள்ளிகள் எடுத்து, ஒரே சீசனில் 400 மூன்று புள்ளி எறிகளைத் தாண்டிய முதல் மனிதரானார். அதே இரவில் லாஸ் ஏஞ்சலிஸில், இருபது ஆண்டு ஆட்ட வாழ்வின் கடைசி ஆட்டத்தில், லேக்கர்ஸின் கோபி பிரையன்ட் யூட்டா ஜாஸுக்கு எதிராக 60 புள்ளிகள் எடுத்தார். லேக்கர்ஸ் 101-96 என வென்றது.

ஒரு தாளில் இருவரின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். கரி அந்தச் சீசனில் 79 ஆட்டங்களில் 1,598 முறை களத்திலிருந்து எறிந்து 805 முறை போட்டார். அவற்றுள் 402 மூன்று புள்ளி எறிகள். அவற்றுக்காக எறிந்தவை 886. எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் ஒரு புள்ளி எறியான ஃப்ரீ த்ரோ 400-க்கு 363. நேரடியாக வகுத்தால் 1,598-க்கு 805 என்பது 50.4 சதவீதம். ஆனால் மூன்று புள்ளி எறி ஒன்றரை மடங்கு பயன் தருவதால், 402-இன் பாதியான 201-ஐ 805-உடன் கூட்டி, 1,006-ஐ 1,598-ஆல் வகுக்க வேண்டும். விடை 63 சதவீதம். அதாவது, இரண்டு புள்ளி எறிகளை மட்டுமே எறியும் ஒருவர் நூற்றுக்கு 63 போட்டால் எவ்வளவு பயனோ, அவ்வளவு பயனை இவர் பெரும்பாலும் 24 அடிக்கு அருகிலும் அதற்கு அப்பாலும் நின்று எறிந்தே தந்தார். 30.1 என்ற ஆட்டச் சராசரியைவிட இந்த 63-தான் எதிரணிப் பயிற்சியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு வாக்களித்த 131 பேரும் முதலிடத்தை அவருக்கே கொடுத்தார்கள். அவ்விருது ஒருமனதாக வழங்கப்பட்டது அதுவே முதல் முறை.

பிரையன்ட் அன்றிரவு 50 முறை எறிந்து 22 போட்டார். மூன்று புள்ளி எறிகள் 21-க்கு 6. ஃப்ரீ த்ரோ 12-க்கு 10. அதே கணக்கின்படி 25-ஐ 50-ஆல் வகுத்தால் சரியாக 50 சதவீதம். எண் என்ற அளவில் இது நடுத்தரமே. ஆனால் 37 வயதில், நான்காவது கால்பகுதியில் மட்டும் 23 புள்ளிகள் எடுத்து, தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தை அவர் திருப்பியதை அந்த 50 சதவீதம் சொல்லாது. அதற்கு ஆட்ட ஓட்டப் பதிவின் கடைசிப் பக்கத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். விழுக்காடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் காட்ட நான் எப்போதும் இந்த ஒரே இரவின் இரண்டு ஆட்டங்களையே எடுத்துக்கொள்கிறேன்.

அணிகளை எடைபோட வெற்றி எண்ணிக்கையோடு சராசரிப் புள்ளி வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாரியர்ஸ் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 10.8 புள்ளிகள் கூடுதலாக எடுத்தது. 67 ஆட்டங்களை மட்டுமே வென்ற ஸ்பர்ஸின் வித்தியாசமும் ஏறத்தாழ அதே அளவுதான், 10.6. அதாவது இரு அணிகளுக்கும் இடையே ஆறு வெற்றி இடைவெளி தெரிந்தாலும், ஆட்ட வலிமையில் பெரிய இடைவெளி இல்லை. நெருக்கமான ஆட்டங்களை வாரியர்ஸ் கூடுதலாகத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. 1995-96 புல்ஸின் வித்தியாசமோ 12.2. இரு அணிகளில் எது பெரிது என்று வாதிடுபவர்கள் இந்த எண்ணையும் மேசையில் வைத்துவிட்டு வாதிடுவது நல்லது.

நெருக்கமான ஆட்டத்தை எப்படி இழுத்தார்கள் என்பதற்குப் பிப்ரவரி 27, ஓக்லஹோமா சிட்டி ஆட்டத்தைப் பாருங்கள். மூன்றாவது கால்பகுதியில் எதிரணியின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் கரியின் கணுக்கால் மீது விழுந்ததால், கரி உள்ளறைக்குச் சென்று திரும்பினார். முழு நேரம் முடிய ஒரு நொடிக்கும் குறைவாக இருந்தபோது ஆண்ட்ரே இகுவாடாலா இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 118-118 என்று நின்றபோது, டைம் அவுட் எனப்படும் இடைநிறுத்தம் எதுவும் கேட்காமல் பந்தை ஓட்டிவந்த கரி, நடுக்கோட்டைத் தாண்டிச் சில எட்டுகளிலேயே, வளையத்துக்கு ஏறத்தாழ 37 அடி முன்பாக எறிந்தார். கடிகாரத்தில் எஞ்சியது 0.6 நொடி. அது அன்று அவருடைய 12-ஆவது மூன்று புள்ளி எறி. ஓர் ஆட்டத்துக்கான அன்றைய சாதனையைச் சமன் செய்தது. காட்சியை நிறுத்தி, அவர் எறியும் கணத்தில் எதிரணியினர் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் தவறான இடத்தில் நிற்கவில்லை. அதுவரை யாரும் காக்கத் தேவையில்லாதிருந்த இடத்திலிருந்து பந்து புறப்பட்டது, அவ்வளவுதான்.

மற்ற அணிகள்

ஒரே அணியில் மூழ்கிவிட்டால் சீசனின் மறுபாதி தப்பிவிடும். கிளீவ்லாந்தைத் தனிப் பக்கத்தில் தொடருங்கள். முந்தைய ஆண்டு இறுதித் தொடரில் இதே வாரியர்ஸிடம் தோற்றபோது கெவின் லவ் காயத்தால் ஆடவில்லை. கைரி இர்விங் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் உடைந்து வெளியேறி, டிசம்பர் 20 அன்றுதான் மீண்டும் களத்துக்கு வந்தார். ஜனவரி 18 அன்று சொந்தக் களத்தில் வாரியர்ஸிடம் 98-132 என்று அடிவாங்கிய நான்காம் நாள், 30 வெற்றி 11 தோல்வியுடன் கிழக்கில் முதலிடத்தில் இருந்தபோதே, பயிற்சியாளர் டேவிட் பிளாட் நீக்கப்பட்டு டைரன் லூ நியமிக்கப்பட்டார். முதலிடத்தில் இருக்கும் அணி பயிற்சியாளரை மாற்றுவது அரிது. ஜனவரி 22 என்ற தேதிக்கு எதிரே இரண்டு குறிப்புகள் வருவதைக் கவனியுங்கள்: ஓக்லாந்தில் கெர் திரும்பியதும் அன்றுதான், கிளீவ்லாந்தில் பிளாட் வெளியேறியதும் அன்றுதான்.

பட்டியலின் அடியில் ஃபிலடெல்ஃபியா, 10 வெற்றி 72 தோல்வி. முதல் 18 ஆட்டங்களிலும் தோற்ற அந்த அணி, டிசம்பர் 1 அன்று முதன்முதலாக வென்றது லேக்கர்ஸிடம். ஓய்வு பெறப்போவதாக அறிவித்த இரண்டாம் நாள், தான் பிறந்த ஊரில் பிரையன்ட் கடைசியாக ஆடிய ஆட்டம் அது. அதை முழுவதும் பார்க்க நேரமில்லாவிட்டாலும் தொடக்கத்தில் அவரை அறிமுகப்படுத்தும் ஓரிரு நிமிடங்களைப் பாருங்கள். டொரன்டோவில் நடந்த ஆல்-ஸ்டார் வார இறுதியில், ஜாக் லவீனும் ஆரன் கோர்டனும் மோதிய, பந்தை வளையத்துக்குள் கையால் அறையும் டங்க் போட்டியைத் தவிர மற்றவற்றை விட்டுவிடலாம்.

இரண்டாம் ஒன்பது

பிளேஆஃபுக்கு நோட்டில் புதிய பக்கம் தொடங்குங்கள். முதல் சுற்றில் ஹூஸ்டனிடம் ஒரு தோல்வி, இரண்டாம் சுற்றில் போர்ட்லாந்திடம் ஒரு தோல்வி. இரண்டிலும் கரி ஆடவில்லை. முதலில் கணுக்கால், பிறகு ஹூஸ்டனில் நான்காவது ஆட்டத்தில் ஈரமான தரையில் வழுக்கி முழங்கால். மே 9 அன்று போர்ட்லாந்தில் திரும்பிவந்து, கூடுதல் நேரத்தில் மட்டும் 17 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆட்டத்தைப் பார்ப்பவர் அவர் முழுமையாகக் குணமடைந்துவிட்டார் என்றே நினைப்பார். பிறகு வரும் தொடர்களில், உயரமான காவலர் எதிரே வரும்போது, முன்பு ஓரடியில் கடந்துபோனவர் இப்போது எத்தனை முறை பின்வாங்குகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

மேற்குப் பகுதி இறுதிதான் இந்தச் சீசனின் மிகச் சிறந்த தொடர் என்பது என் உறுதியான கருத்து. ஸ்பர்ஸிடம் முதல் ஆட்டத்தில் 92-124 என்று நொறுங்கிவிட்டு, பிறகு தொடரையே 4-2 எனக் கைப்பற்றி வந்த அணி ஓக்லஹோமா சிட்டி தண்டர். கெவின் டுராண்ட், செர்ஜ் இபாகா, ஸ்டீவன் ஆடம்ஸ் ஆகியோரின் நீண்ட கைகள், உயரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டும் வாரியர்ஸின் ஐவர் அமைப்பை முதன்முறையாக மூச்சுத் திணறவைத்தன. மூன்றாவது ஆட்டம் 105-133, நான்காவது 94-118. நீங்கள் அடிக்கோடிட்ட இரண்டும் இங்கே ஒருசேர உடைகின்றன: அடுத்தடுத்து இரண்டு தோல்விகள், அதுவும் ஒரே அணியிடம். 3-1 எனப் பின்தங்கியவர்கள் மீண்டது மே 28 அன்று ஆறாவது ஆட்டத்தில். கிளே தாம்ப்சன் 11 மூன்று புள்ளி எறிகளுடன் 41 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் 108-101. ஏழாவதையும் 96-88 என வென்றார்கள்.

இதே தொடரில் இன்னொரு குறிப்பையும் எழுத வேண்டும். கடுமையான ஃபவுல்களுக்கு, அதாவது விதிமீறலான மோதல்களுக்கு, லீக் புள்ளி கணக்கு வைக்கிறது. பிளேஆஃபில் நான்கு புள்ளி சேர்ந்தால் ஓர் ஆட்டத் தடை. டிரேமண்ட் கிரீனுக்கு முதல் சுற்றில் ஒன்று, தண்டர் தொடரில் ஆடம்ஸை உதைத்ததற்காக இரண்டு என்று மூன்று சேர்ந்திருந்தன. இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் கிளீவ்லாந்தின் லெப்ரான் ஜேம்ஸுடன் ஏற்பட்ட கைகலப்பில் நான்காவதும் சேர்ந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் அவர் இல்லாததை ஒரு கணத்தின் முட்டாள்தனம் என்று பலர் எழுதினார்கள். அதன் கணக்கு ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டதை நோட்டு காட்டும்.

இறுதித் தொடரின் முதல் நான்கையும் புள்ளிப் பட்டியலில் பார்த்தாலே போதும்: 104-89, 110-77, 90-120, 108-97, வாரியர்ஸ் 3-1. அதற்கு முன் இறுதித் தொடரில் 3-1 எனப் பின்தங்கிய 32 அணிகளுள் ஒன்றுகூட மீண்டதில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் கிரீன் இல்லை. நடுவில் ஆண்ட்ரூ போகட்டும் முழங்கால் அடிபட்டு வெளியேறினார். ஜேம்ஸும் இர்விங்கும் ஆளுக்கு 41 எடுக்க, கிளீவ்லாந்து 112-97 என வென்றது. ஆறாவதில் ஜேம்ஸ் மீண்டும் 41, கிளீவ்லாந்து 115-101, கரி ஆறு ஃபவுல்களுடன் வெளியேறினார். கடைசி மூன்று ஆட்டங்களில் வாரியர்ஸின் ஹாரிசன் பார்ன்ஸ் 32 எறிந்து 5 மட்டுமே போட்டார். கிளீவ்லாந்தின் காவலர்கள் வேண்டுமென்றே அவரைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்களை நெருக்குவதை ஒளிப்பதிவில் தெளிவாகக் காணலாம்.

ஏழாவது ஆட்டத்தை முழுமையாக, ஒரே அமர்வில் பாருங்கள். கடைசிப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள். ஆட்டம் முடிய 4 நிமிடம் 39 நொடி இருக்கும்போது தாம்ப்சன் போட்ட பந்தால் 89-89. அதன் பிறகு மூன்றரை நிமிடத்துக்கும் மேலாக இரு அணியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவாக இருக்கையில் இர்விங் தவறவிட்ட பந்தை இகுவாடாலா எடுத்து ஓடுகிறார். கரிக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கி வளையத்துக்கு எழும்புகிறார். இதை மூன்று முறை பாருங்கள். முதல் முறை பந்தை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை பின்னாலிருந்து முழுக் களத்தையும் கடந்து ஓடிவரும் ஜேம்ஸை மட்டும் பாருங்கள். பலகையில் பந்தை அறைந்து தடுத்தது அவர் கை. மூன்றாம் முறை கிளீவ்லாந்தின் ஜே.ஆர். ஸ்மித்தைப் பாருங்கள். முன்னே நின்ற அவர் குறுக்கே பாய்ந்ததால் இகுவாடாலா காற்றில் ஒரு கணம் பந்தைத் தாழ்த்தி மீண்டும் உயர்த்த வேண்டியிருந்தது. ஜேம்ஸ் வந்துசேர அந்த ஒரு கணம்தான் தேவைப்பட்டது. புகைப்படங்களில் ஸ்மித் ஓரத்தில்தான் இருப்பார். ஆயினும் அந்தத் தடுப்பில் பாதி அவருடையது.

53 நொடி இருக்கும்போது இர்விங் வலப் பக்கத்திலிருந்து கரியின் முகத்துக்கு நேரே எறிந்த மூன்று புள்ளி எறியால் 92-89. அடுத்து வாரியர்ஸ் முறை. உயரமானவரான கெவின் லவ், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே தனியாகக் கரியைக் காக்கிறார். கரி இடமும் வலமுமாக ஆடிப் பார்க்கிறார், இடைவெளி கிடைக்கவில்லை, எறிந்தது வளையத்தில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் 93-89. கடைசிக் கால்பகுதியில் வாரியர்ஸ் எடுத்தது 13 புள்ளிகள். கடைசியாக எறிந்த ஒன்பதும் வீண். ஆட்டம் முழுவதிலும் கரி மூன்று புள்ளிக்கு எறிந்த 14-இல் விழுந்தவை 4. மார்ச் 6 அன்று எழுதிய வரியை இப்போது திரும்பிப் படிக்கலாம்.

வெற்றி பெற்ற பக்கத்தின் கணக்கையும் எழுதாமல் நோட்டை மூடக் கூடாது. ஜேம்ஸ் அன்று 27 புள்ளி, 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட் எடுத்தார். தொடர் முழுவதிலும் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (எறியைத் தடுப்பது) ஆகிய ஐந்து கணக்குகளிலும் இரு அணியினரையும் சேர்த்து அவரே முதலிடம். கிளீவ்லாந்து நகரத்துக்கு எந்தப் பெரிய விளையாட்டிலும் 1964-க்குப் பிறகு கிடைத்த முதல் பட்டம் அது. தோற்ற பக்கத்தில் கிரீனின் 32 புள்ளி, 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட் என்ற வரியையும் எழுதுங்கள். ஏழாவது ஆட்டத்தில் தோற்றவர் ஒருவரின் இவ்வளவு முழுமையான ஆட்டம் எளிதில் மறக்கப்பட்டுவிடுகிறது.

கடைசியாக ஜூலை மாதத்துக்கு மூன்று வரி ஒதுக்குங்கள். அணிகளின் சம்பள உச்சவரம்பு 7 கோடி டாலரிலிருந்து ஒரே தாவலில் 9.4 கோடி டாலருக்கு உயர்ந்தது. அதனால் கிடைத்த இடத்தைக் கொண்டு ஜூலை 4 அன்று டுராண்ட், தான் 3-1 முன்னிலையிலிருந்து தோற்ற அதே வாரியர்ஸில் சேர முடிவு செய்தார். ஒரு வாரம் கழித்து, 19 சீசன்கள் ஸ்பர்ஸுக்கு மட்டுமே ஆடிய டிம் டங்கன் ஓய்வு பெற்றார்.